பரணில் கிடைத்த பித்தளைக் குப்பிகள்: எம்டன் குண்டு என்கிறார்கள், உண்மையா?

பாலாற்றங்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கணியம்பாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆயா (பாட்டி) வீடு. மாமா அதை இடித்துவிட்டு மாடி கட்டப் போகிறார். போன ஞாயிறு பரணைக் காலி பண்ணக் கூப்பிட்டார், போனேன். முறம், உடைந்த மரக்கால், பழைய பஞ்சாங்கக் கட்டு, இதற்கெல்லாம் நடுவில் பித்தளையில் ஒரு நெட்டைக் குப்பி படுத்திருந்தது. இதே மாதிரி இன்னொன்று மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. அதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஆயா அதில் சாட்டையும் மூக்கணாங்கயிறும் போட்டு வைத்திருப்பார், அது என்ன சாமான் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. மூன்றாவது, ஆயா பாக்கு இடிக்கிற குட்டி உரல். பரணில் கிடைத்ததைக் கழுவி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த உரலும் இதே ஜாதி, மேலே அறுத்துவிட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அளவு சொல்கிறேன். கொட்டகையில் இருந்தது இருபத்தொன்பதரை சென்டிமீட்டர் உயரம், வாய் எட்டரைக்குக் கொஞ்சம் குறைவு. பரணில் இருந்தது ஒரு நூலளவு குட்டை, ஆனால் வாய் அகலம், கிட்டத்தட்ட ஒன்பது. உரல் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். மூன்றுக்கும் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அடிப்பக்கம் ஏதேதோ எழுத்துகள், பச்சை பிடித்துப் படிக்க முடியவில்லை.

வீட்டில் சொல்வது: இது முதல் உலகப்போரில் சென்னையைச் சுட்ட ஜெர்மன் கப்பல் எம்டனின் குண்டு, ஆயாவின் மாமனார் பட்டணத்திலிருந்து கொண்டுவந்தார். பழைய சாமான்காரர் வந்து பார்த்துவிட்டு, பித்தளை விலைக்குக் கிலோக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன், கேஸ் வைத்து இரண்டாக வெட்டிக் கொண்டுபோகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை. பரணில் கிடைத்ததை மேசை விளக்காக ஆக்கலாம் என்று யோசனை. அடியில் ட்ரில் போட்டு ஒயர் விட்டால் போதும். இது உண்மையில் என்ன, எந்தக் காலத்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் பையன்:
எங்கள் ஊரிலும் ஒரு வீட்டில் எம்டன் குண்டு இருக்கிறது, சேண்பாக்கத்தில் ஒன்று, ஆம்பூரில் ஒன்று. அந்தக் கப்பல் பட்டணத்துக்கு வந்து வட ஆற்காட்டைத்தான் சுட்டிருக்கும் போல.

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பி, ட்ரில்லைக் கீழே வை. மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

நான் கம்மவான்பேட்டை, உன் ஆயா ஊருக்கு வண்டியில் வந்தால் பத்து நிமிஷம். பீரங்கிப்படையில், பீல்டு ரெஜிமென்டில் இருந்தவன். பீரங்கிக் குண்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் அதில் இரண்டு சாமான் இருக்கிறது. பறந்துபோய் விழுந்து வெடிப்பது ஒன்று. அதைத் தள்ளிவிட்டுப் பீரங்கிக்குள்ளேயே தங்கிவிட்டு, பின்னால் திறந்தால் வெளியே வந்து விழுகிற பித்தளைக் குப்பி இன்னொன்று. இந்தக் காலிக் குப்பியைப் படையில் கோக்கா என்போம், இந்தி வார்த்தை. துப்பாக்கித் தோட்டாவின் காலிக்கும் அதே பெயர்தான். நீ சொல்கிற அளவைப் பார்த்தால் உன்னிடம் இருப்பது கோக்கா. நல்லது. ஆனால் கோக்கா என்றாலே காலி என்று நினைத்துவிடாதே.

அடிப்பக்கம் நடுவில் நாணயம் மாதிரி ஒரு வட்டம் இருக்கும், திருகு போட்டு இறக்கியிருப்பார்கள், சாவி மாட்ட இரண்டு பள்ளம் தெரியும். அதுதான் பிரைமர். பீரங்கியின் ஊசி அதன் நடுவில் அடித்தால் தீப்பொறி கிளம்பி உள்ளே மருந்து பற்றும். சுட்ட கோக்காவில் வட்டத்தின் நடுவே ஊசி குத்திய குழி இருக்கும். குழி இல்லை என்றால் அந்தப் பிரைமர் இன்னும் அடிபடவில்லை என்று அர்த்தம். அதன் வால் குழாய் மாதிரி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், அது நிறைய கருமருந்து. எத்தனை வருஷம் ஆனாலும் நம்ப முடியாது. நீ ட்ரில் வைக்க நினைத்தது சரியாக அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, டார்ச் அடித்து உள்ளே பார். பழுப்பு நிறத்தில் சேமியா மாதிரி, நூல்கயிறு மாதிரி குச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது கார்டைட், குண்டைத் தள்ளுகிற மருந்து. நீலகிரியில் அருவங்காட்டில் ஒரு ஆலையே இதன் பெயரில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். கையை உள்ளே விடாதே. தட்டாதே, கவிழ்க்காதே. பார்த்துவிட்டு எழுது.

சரித்திர வாத்தியார்:
ஹவில்தார் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும்போதே எம்டன் கதையை முடித்துவிடுகிறேன், பள்ளிக்கூடத்தில் இதே கேள்விக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்கிறேன்.

எம்டன் சென்னைக்கு வந்தது 1914 செப்டம்பர் 22 ராத்திரி. துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுட்டது கடலில் நின்ற கப்பல். இப்போது ஹவில்தார் சொன்னதோடு சேர்த்து யோசியுங்கள். குப்பி எங்கே விழும்? பீரங்கிக்குப் பின்னால், அதாவது கப்பலின் தளத்தில். சென்னைக்கு வந்தது முன்னால் பறந்த குண்டும் அதன் இரும்புச் சில்லுகளும்தான். பித்தளைக் குப்பி ஒன்றுகூடக் கரைக்கு வர வழியில்லை. அந்தக் கப்பலும் அதே வருஷம் நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் பக்கம் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிவாங்கிக் கரைதட்டிவிட்டது.

அளவும் ஒத்துவராது. எம்டனில் இருந்தவை 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள். உங்களுடையவற்றின் வாய் ஒன்பதைக்கூடத் தாண்டவில்லை. எம்டன் என்ற பெயர் நம் பேச்சில் கெட்டிக்காரனுக்கும் கில்லாடிக்கும் பட்டமாக நின்றுவிட்டது, அதனால் வீட்டில் என்ன வினோதச் சாமான் இருந்தாலும் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இரும்புச் சில்லு என்று சொல்லியிருந்தால் நானே கொஞ்சம் யோசித்திருப்பேன்.

கோட்டை அகழி:
வாத்தியார் சார், எங்களிடம் ஒன்று இருக்கிறது, வேலூர்க் கோட்டை அகழி தூர் வாரும்போது கிடைத்தது என்று என் மாமனாருக்கு ஒருவர் கொடுத்தார். பித்தளைதான், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1806 சிப்பாய்ப் புரட்சியில் சுட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் போச்சா?

சரித்திர வாத்தியார்:
போச்சு. 1806 ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்ததும், பின்னால் வந்த சிறு பீரங்கிகளை வைத்துக் கோட்டை வாசல் கதவைத் தகர்த்ததும் உண்மை. ஆனால் அவை வாய்ப்பக்கம் மருந்து கெட்டிக்கிற பீரங்கிகள். மருந்தைத் துணிப்பையில் கட்டி முன்னாலிருந்து தள்ளுவார்கள், அதன் மேல் குண்டு. துணி எரிந்துபோய்விடும், குப்பி என்று ஒன்று கிடையாது. களத்துப் பீரங்கிக்குப் பித்தளைக் குப்பி வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில். 1749 ஆம்பூர்ச் சண்டை, 1751 ஆற்காட்டு முற்றுகை, 1760 வந்தவாசி, எதைச் சொன்னாலும் இதே பதில்தான். அந்தக் காலத்தது என்றால் இரும்பு உருண்டை கிடைக்கும். அதிலும் சிறு துளையோ அடைப்போ தெரிகிற உருண்டை என்றால் அது உள்ளே மருந்து வைத்தது, தள்ளி நில்லுங்கள்.

உங்களுடையது எந்தப் போரில் சுட்டதோ, கோட்டை அகழியில் எவனாவது பின்னால் போட்டிருக்கலாம். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், தனி இழை போடுங்கள்.

பாலாற்றங்கரை:
பார்த்துவிட்டேன். கை கொஞ்சம் நடுங்குகிறது, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

கொட்டகைக் குப்பி: நடுவட்டத்தில் நல்ல குழி இருக்கிறது, சுண்டுவிரல் நுனி உட்காரும். உள்ளே வெறும் அழுக்கு, சிலந்திக்கூடு.

உரல்: நடுவில் வட்டம் இருக்கிறது, குழி இல்லை. வழவழவென்று இருக்கிறது.

பரணில் இருந்தது: வட்டம் இருக்கிறது, இரண்டு பள்ளமும் இருக்கிறது, குழி இல்லை. டார்ச் அடித்தால் உள்ளே நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குழாய் நிற்கிறது. சேமியா எதுவும் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கிறார். நாற்பது வருஷம் அடுப்படிக்கு மேலே பரணில் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே என்கிறார். உரலைப் பற்றி ஆயாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது, தினமும் மூன்று வேளை அதில் இரும்புலக்கையால் இடிக்கிறார்.

ரிட்டயர்டு ஹவில்தார்:
மாமாவிடம் சொல், நாற்பது வருஷம் யாரும் அதன் நெற்றியில் ஆணி வைத்து அடிக்கவில்லை, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை. நீ அடிக்கப் போனாய்.

பரணில் இருந்ததைத் தொடாதே. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அந்த அறையில் பிள்ளைகள் போகவேண்டாம், அடுப்பு வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போன் போடு, இல்லை 112. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு ஆட்கள் வருவார்கள், இது அவர்கள் வேலை. நான் வந்து கழற்றிக் கொடுக்கலாமே என்று நினைப்பாய். கழற்றமாட்டேன். முப்பது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றவன் என்பதால்தான் சொல்கிறேன்.

உரல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். பிரைமரின் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதில் பாக்கு இடிக்கவே முடியாது, உலக்கை போய் அதில் முட்டும். ஆயா இடிக்கிறார் என்றால் குழாய் இல்லை. ஆனாலும் வந்தவர்களிடம் அதையும் காட்டிவிடு. அதுவரை ஆயாவுக்கு வேறு உரல் வாங்கிக் கொடு.

பித்தளைப் பட்டறை:
உரல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாத்திர வேலை. அந்த நடு வட்டம் பிரைமர் இல்லை, ஓட்டையை அடைத்த அடைப்பு. சாவிப் பள்ளம் இல்லை, நிறம் வேறு, சுற்றிலும் ஒரு கோடு மாதிரி வெள்ளைப் பூச்சு தெரிகிறது பாருங்கள், அது பற்றவைத்த தடம். பழைய பிரைமரைக் கழற்றியபின் அந்த இடத்தில் ஒரு பித்தளை வில்லையை வைத்துப் பற்றவைத்து ராவியிருக்கிறார்கள். யாரோ நல்ல கையாள் செய்த வேலை. மேல் விளிம்பை அறுத்துவிட்டு உதடு மடித்திருப்பதும் சுத்தமாக இருக்கிறது.

என் தாத்தாவிடமும் இந்தக் குப்பிகள் வரும். அடி கனம், மேலே போகப் போகச் சுவர் மெலியும், எங்கேயும் மூட்டு கிடையாது. ஒரே வில்லையைக் கிண்ணமாக அழுத்தி, மறுபடி மறுபடி இழுத்து நீட்டிச் செய்வது. எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இழுக்க அதுதான் தோது. அதனால் இதில் உரலும் செய்யலாம், சொம்பும் செய்யலாம்.

ஆரணிக்காரி:
குறுக்கே வருகிறேன். சென்னையில் ஒரு கடையில் ராணுவக் குப்பி என்று சொல்லி மயில் செதுக்கிய பூச்சாடி வாங்கினேன், கொஞ்சம் விலை கூட. அடியில் எழுத்து ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் மேலிருந்து கீழே ஒரு கோடு ஓடுகிறது. அது ராணுவச் சாமான்தானா?

பித்தளைப் பட்டறை:
இல்லை அக்கா. தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த பூச்சாடி. பூ வையுங்கள்.

பாலாற்றங்கரை:
போன் போட்டாயிற்று, நாளைக் காலை வருகிறோம் என்றார்கள். அதுவரை கொட்டகைக் குப்பியின் எழுத்தை எப்படிப் படிப்பது என்று யாராவது சொல்லுங்கள். அது மட்டும்தான் தொடலாம் என்று ஹவில்தார் ஐயா அனுமதித்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துவிடவா?

சரித்திர வாத்தியார்:
தேய்க்கவே தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், எழுத்து போகும். பழைய குப்பிகளில் பாதி வீட்டுப் பெண்கள் நல்லெண்ணத்தில் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தே மொட்டையானவை.

சோப்புத் தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ், போதும். காய்ந்தபின் விபூதியை அடியில் தடவி உள்ளங்கையால் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. இன்னொரு வழி, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பது, நாணயத்துக்குச் செய்வோமே அதுபோல. தாளில் வந்ததைப் படம் எடுத்துப் போடுங்கள், நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாக இருக்கும்.

பாலாற்றங்கரை:
வாத்தியார் சார், விபூதி வேலை செய்தது! ஆயா சாமி ரூம் டப்பாவைக் காணோம் என்று திட்டிக்கொண்டிருக்கிறார், பரவாயில்லை.

வட்டத்தைச் சுற்றித் தெரிவது: ஆங்கிலத்தில் 18 பி.ஆர்., பக்கத்தில் ரோமன் இரண்டு. மேலே நோக்கிய அம்புக்குறி, கோழிக்கால் மாதிரி. ஆர்.எல். என்று இரண்டெழுத்து. 1916. அப்புறம் சி.எஃப். என்று ஓரிடத்திலும், எதிர்ப்பக்கம் மறுபடி சி.எஃப். என்றும் அடித்திருக்கிறது, இரண்டாவது கொஞ்சம் கோணலாக. சில எண்கள் தெளிவில்லை.

உரலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தொடாமல் ஸ்கேலை மட்டும் நீட்டி. அடி விளிம்பு இரண்டுக்கும் ஒரே அகலம்.

சரித்திர வாத்தியார்:
அருமை. பி.ஆர். என்றால் பவுண்டர். வெள்ளைக்காரன் பீரங்கியைக் குண்டின் எடையை வைத்துப் பெயரிடுவான். இது பதினெட்டுப் பவுண்டர் பீரங்கியின் குப்பி, வாய் 84 மில்லிமீட்டர், நீங்கள் அளந்ததற்குச் சரியாக இருக்கிறது. 1904இல் படைக்கு வந்த பீரங்கி, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் முதுகெலும்பு. ரோமன் இரண்டு என்பது குப்பியின் மாதிரி எண். அம்புக்குறி சர்க்கார் சொத்து என்பதற்கான முத்திரை. ஆர்.எல். என்பது லண்டன் பக்கம் வூல்விச்சில் இருந்த ராயல் லேபரட்டரி. 1916 குப்பி செய்த வருஷம், சுட்ட வருஷம் இல்லை, இதைப் பலபேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சி.எஃப். என்பது முழு அளவு கார்டைட் மருந்து. மருந்து அடைக்கும்போது அடிக்கிற முத்திரை அது. இரண்டு முறை இருக்கிறது என்றால், ஒருமுறை சுட்டு, காலியைத் திருப்பியனுப்பி, சரிசெய்து மறுபடி மருந்து அடைத்து, மறுபடி போர்க்களத்துக்குப் போயிருக்கிறது. கோணலாக அடித்தவன் இரண்டாவது ஆலைக்காரன். உங்கள் மூக்கணாங்கயிற்றுக் குப்பி இரண்டு தடவை சுட்டது.

இப்போது ஒரு கேள்வி. ஆயாவின் மாமனாரை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்? பட்டப்பெயர் ஏதாவது?

பாலாற்றங்கரை:
ஆயாவிடம் கேட்டேன். பஸ்ராக்காரர் என்பார்களாம். எங்கள் குடும்பத்துக்கே பஸ்ராக்காரர் வீடு என்று பெயர், நான் ஏதோ துணிக்கடை சமாசாரம் என்று நினைத்திருந்தேன்!

சரித்திர வாத்தியார்:
எம்டனை விட்டுவிட்டு இந்தப் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ரா இன்றைய ஈராக்கின் துறைமுகம். 1914 நவம்பரில் இந்தியாவிலிருந்து போன படை அதைப் பிடித்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அந்த நாட்டில் சண்டை, அதை மெசபடோமியா என்பார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற படைப் பொறியாளர் பிரிவினர் அங்கே போனார்கள், பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள், இதே பதினெட்டுப் பவுண்டர்களும் அங்கே இருந்தன. குப்பியில் பஸ்ரா என்று எழுதவில்லை, ஆகவே இது அங்கிருந்து வந்ததுதான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் 1916 குப்பி, பஸ்ராக்காரர் என்ற பட்டம், இரண்டும் ஒரே வீட்டில். எம்டன் பின்னால் யாரோ ஒட்டியது. போருக்குப் போன மனுஷன் தான் எங்கே போனேன் என்று வீட்டில் விளக்கிச் சொல்லியிருக்கமாட்டார், பிள்ளைகள் கேள்விப்பட்ட ஒரே போர்க்கதையைக் குப்பிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ரிட்டயர்டு ஹவில்தார்:
பரணில் உள்ளதும் எனக்குத் தெரிந்துவிட்டது, எழுத்தைப் படிக்காமலே. ஒரு நூல் குட்டை, வாய் அகலம் என்றாயே, அது இருபத்தைந்து பவுண்டர். துளை 87.6 மில்லிமீட்டர். இரண்டாம் உலகப்போரின் பீரங்கி, ஆனால் நம் படை 65இலும் 71இலும் பாகிஸ்தானோடு அதை வைத்தும் சண்டை போட்டது. இரண்டும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கடைக்காரர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள்.

வித்தியாசம் வாயில் இருக்கிறது. பதினெட்டுப் பவுண்டரில் குண்டும் குப்பியும் சேர்ந்தே வரும், துப்பாக்கித் தோட்டா மாதிரி, அதனால் வாய் குண்டைக் கவ்விய தடம் இருக்கும். இருபத்தைந்தில் குண்டு தனி, குப்பி தனி. முதலில் குண்டை உள்ளே தள்ளி இடித்து உட்காரவைக்க வேண்டும், பிறகு குப்பி. குப்பிக்குள் மருந்து மூன்று பையில் இருக்கும், சிவப்பு, வெள்ளை, நீலம். கிட்டத்து இலக்கு என்றால் மூடியைத் திறந்து பையை எடுத்துவிட்டு மறுபடி மூடுவோம், தூரம் என்றால் மூன்றும் இருக்கும். இதில்தான் உன் குப்பியின் விஷயம் இருக்கிறது. பைகளை எடுத்துவிட்டால் பார்வைக்குக் காலிக் கோக்கா மாதிரியே இருக்கும், ஆனால் பிரைமர் உயிரோடு. உன் தாத்தா படையில் இருந்தாரா?

பாலாற்றங்கரை:
ஆமாம் ஐயா, பஸ்ராக்காரரின் மகன், டிரைவர். 65 சண்டை முடிந்து வந்துவிட்டார் என்று ஆயா சொல்கிறார்.

ரிட்டயர்டு ஹவில்தார்:
சரி. நாங்கள் ரேஞ்சில் சுட்டு முடித்தால் கோக்காவை எண்ணிக் கணக்குக் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் போகமுடியாது. ஒன்று குறைந்தால் புல்லுக்குள் முழங்காலில் தேடவேண்டும். உன் தாத்தா அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை.

குடியாத்தம் பையன்:
ஹவில்தார் ஐயா கேட்காமலே கேட்டுவிட்டார்.

பித்தளைப் பட்டறை:
கொட்டகைக் குப்பியின் படத்தில் இன்னொன்று பார்த்தேன். வாயிலிருந்து கீழே நாலு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல், மயிரிழை மாதிரி. கீழே போட்டீர்களா?

பாலாற்றங்கரை:
இல்லை. ரொம்ப வருஷமாக இருக்கிறது என்கிறார் மாமா.

பித்தளைப் பட்டறை:
எங்கள் பக்கம் சொல்வோம், அடித்த பித்தளையை நெருப்பில் காய்ச்சிவிடாமல் வைத்தால் தானாக வெடிக்கும் என்று. அடிக்க அடிக்க உள்ளே ஒரு முறுக்கு ஏறும், சூடு காட்டினால் அது அடங்கும். ஆனால் ராணுவச் சாமானில் அதைச் செய்துதானே இருப்பார்கள்?

சரித்திர வாத்தியார்:
இதற்கு இந்தியாவிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது, சொல்லாமல் போகமாட்டேன். பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலம் வந்தால் சுடாமலே விரிந்துபோகும். வெயில் காலத்தில் நன்றாக இருந்தது மழையில் கெடுகிறதே என்று இதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழை பெய்தால் சண்டை குறையும், தோட்டாக்களைக் குதிரைலாயத்தில் அடுக்கி வைப்பார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா வாடை கிளம்பும், ஈரக்காற்றும் சேரும். பட்டறைக்காரர் சொன்னாரே, உள்ளே அடங்காமல் நிற்கும் முறுக்கு, அதுவும் அம்மோனியாவும் சேர்ந்தால் பித்தளை பிளக்கும். 1921இல்தான் இதைச் சோதித்துக் காரணம் எழுதினார்கள். நம் ஆற்காடும் ராணிப்பேட்டையும்கூட ஒருகாலத்தில் குதிரைப்படை ஊர்கள்தான்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் குப்பி எங்கே நின்றது?

பாலாற்றங்கரை:
மாட்டுக்கொட்டகையில்! மூத்திரக் கால்வாய்க்குப் பக்கத்தில்!

சரித்திர வாத்தியார்:
இரண்டு தடவை சுட்டதைத் தாங்கிய குப்பி உங்கள் வீட்டு மாட்டிடம் தோற்றுவிட்டது. வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூக்கைத் துளைக்கிற வாடை அடிக்கும் பாலிஷ் எதையும் போடாதீர்கள், சிலவற்றில் அதே அம்மோனியா இருக்கும். பருத்தித் துணியில் துடைத்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். விரிசலைப் பற்றவைக்கவும் வேண்டாம்.

பாலாற்றங்கரை:
இரண்டு நாளாக எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் நாலு பேர் வந்தார்கள். ஹவில்தார் ஐயாவும் வண்டியில் வந்துவிட்டார், வேலிக்கு வெளியே நின்றுதான் பேசினார், சொன்ன சொல் தவறவில்லை. வீட்டில் எல்லோரையும் வெளியே வரச்சொல்லிவிட்டு இரண்டு பேர் மட்டும் உள்ளே போனார்கள். அரைமணி நேரம். பிறகு மணல் போட்ட பக்கெட்டில் நிறுத்தி வைத்துக் குப்பியை வெளியே கொண்டுவந்தார்கள். பிரைமர் அடிபடாததுதான் என்றார்கள். எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துப்போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் தள்ளி நின்று எடுத்த ஒரு படம், அதில் 25 பி.ஆர். என்பதும் 1943 என்பதும் தெரிகிறது. மாமா இப்போது சிரிப்பதில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது, சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் ஏவுகணை கிடைத்தது என்று செய்தி பாகாயம் வரை போய்விட்டது.

உரலைத் திருப்பிப் பார்த்தார்கள். பட்டறை அண்ணன் சொன்னதுதான், அடைப்பு. உள்ளே குழாய் இல்லை, ஆபத்து இல்லை. அவர்களில் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு யார் செய்தது என்று கேட்டார். ஆயா, என் மாமனார் கொண்டுவந்தார், வேலூர் பஜாரில் ஒரு கன்னான் அறுத்துக் கொடுத்தான், என் கல்யாணத்துக்கு, என்று சொல்லிவிட்டு அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் வாங்கிக் கொடுத்த புது மர உரலைத் திண்ணையிலேயே விட்டுவிட்டார்.

விபூதி தடவிப் பார்த்தேன். உரலின் அடியிலும் 18 பி.ஆர்., அம்புக்குறி, 1915. சி.எஃப். ஒரே ஒரு தடவை. மீதி எழுத்துகள் தேய்ந்துவிட்டன, அறுபது வருஷம் தரையில் வைத்து இடித்தது.

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பி, பென்சில் தேய்த்த தாள் இரண்டையும் எனக்கு ஒரு நகல் போட்டுக்கொடு. எங்கள் ஊரில் நாலு வீட்டில் இதே மாதிரி குப்பி இருக்கிறது, இந்த ஞாயிறு ஒவ்வொன்றாகப் போய் அடியைத் திருப்பிப் பார்க்கப் போகிறேன். முதலில் குழி, பிறகுதான் எழுத்து.

கோட்டை அகழி:
என்னுடையதில் 25 பி.ஆர்., 1942. குழி இருக்கிறது. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை.

பாலாற்றங்கரை:
நகல் எடுத்து வைத்திருக்கிறேன் ஐயா, நாளை கொண்டுவருகிறேன். பதினெட்டுப் பவுண்டரைத் துடைத்துக் கூடத்தில் வைத்தேன். ஆயா வந்து பார்த்துவிட்டு, சாட்டையையும் மூக்கணாங்கயிற்றையும் எங்கே போட்டாய் என்று கேட்டார். பிளாஸ்டிக் பக்கெட்டில் என்றேன். மாடு மிதித்தால் உடைந்துபோகும், அதை எடுத்துவா என்கிறார்.